ஆயுத பூசைக்கு வைத்த யானைத் துவக்கு

நாலைந்து வருசம் இருக்கும். ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில், கண்டி டவுனுக்கு மேலே, ஹந்தானை மலையில் ஒரு பங்களா முற்றத்தில் நடந்தது இது. என் தம்பியின் இடது கை போனது அந்த முற்றத்தில்தான். நான் குசினி வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். ஆளுக்கு ஒரு விதமாகக் கதை சொல்கிறார்கள். கூட இருந்து பார்த்தவள் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பங்களாவில் நான் சமையல். சமையல் என்றால் லேசாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினாலும் என் கைச் சாப்பாடுதான். குசினிக்குள் நான் சொன்னதுதான் சட்டம். முதலாளி கூட வாசலில் நின்றுதான் "அக்கா, தேத்தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பார். என் தம்பி அங்கேயே வாச்சர், காவல் வேலை. அவன் பெண்சாதி நோயில் போய்விட்டாள். என் வீட்டுக்காரரும் இல்லை. பங்களாவுக்குப் பின்பக்கம் ஒரு அறையில் அக்காவும் தம்பியுமாக இருந்தோம். அவன் பேச்சுக் குறைவு. ஆள் சின்ன உருவம். சண்டை சச்சரவு தெரியாது.

முதலாளி நம்ம ஆள். அவருடைய அப்பா அதே மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினவர். அந்த மனுசன் உயிரோடு இருந்த காலத்தில் பங்களாவின் பின்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மகன் டவுனில் இரும்புச் சாமான் கடை போட்டு, முன்னுக்கு வந்து, கடைசியில் அந்தப் பங்களாவையே வாங்கினார். பால் காய்ச்சின அன்றைக்கு அப்பாவின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்து வந்தார். அதைப் பார்த்து நான் அழுதேன். நான் லேசில் அழுகிறவள் இல்லை.

பங்களாவோடு சேர்ந்து அவர் கைக்கு வந்ததுதான் அந்தத் துவக்கு, வேட்டைத் துப்பாக்கி. வெள்ளைக்காரத் துரைமார் யானை வேட்டைக்கு வைத்திருந்ததாம். அதனால் எல்லோரும் யானைத் துவக்கு என்பார்கள். பங்களா ஒவ்வொருத்தர் கைக்கும் மாறும்போது அதுவும் கூடவே மாறி வந்தது. தன் பேருக்கு லைசன்ஸ் எடுக்க முதலாளி அரசாங்கக் கச்சேரிக்கு அலையாத அலைச்சல் இல்லை. "எங்கப்பா இதோட சத்தத்தைக் கேட்டே பயந்தவரு, அக்கா. இப்ப இது என் அலுமாரியில இருக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டது. அவருக்கு அது துவக்கு இல்லை.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரண்டு குழல், பக்கத்தில் பக்கத்தில். வாயில் என் கட்டைவிரலை விட்டால் சுற்றி இடம் இருக்கும். அவ்வளவு அகலம். தூக்கினால் நடக்கப் பழகின பிள்ளையை இடுப்பில் வைத்த மாதிரிப் பாரம். தோட்டா ஒவ்வொன்றும் பித்தளையில், குத்துவிளக்குத் தண்டு மாதிரி தடிப்பாக இருக்கும். பழைய தகரப் பெட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மரக்கட்டையில் இலையும் கொடியுமாகச் செதுக்கியிருந்தார்கள். கொல்லுகிற சாமானுக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று நான் யோசிப்பேன்.

அதைத் துடைத்து எண்ணெய் போடுகிறது என் தம்பி வேலை. முந்தின முதலாளிமார் காலத்திலும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை சாக்கை விரித்து உட்கார்ந்தான் என்றால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். நடுவில் மடித்துத் திறப்பான். பிறகு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, முதலில் ஒரு குழல், அப்புறம் மற்றக் குழல். "ஆகாசம் தெரியுது" என்பான். அதைச் சொன்ன பிறகுதான் மூடுவான். யார் கையில் கொடுத்தாலும் முதலில் ஆகாசம் பார்க்கச் சொல்வான். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தாலும் போதுமாம், வெடி முன்னால் போகாமல் பக்கத்தால் கிழித்துக்கொண்டு வருமாம். தோட்டாவும் ஒன்றுதான் போட வேண்டும், வலது குழலில் மட்டும். இரண்டையும் போட்டால் முதல் உதைப்பிலேயே மற்றதும் வெடித்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்பான்.

இத்தனையும் தெரிந்தவன் ஒரு நாள்கூட அதை வெடித்ததில்லை. வாச்சருக்கு எங்கே லைசன்ஸ்?

ஆம்பிளைகள் அந்தத் துவக்கைப் பார்த்தால் ஒரு மாதிரி ஆகிவிடுவார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வாசலில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் அலுமாரி திறந்ததும் கோயிலுக்குள் வந்த மாதிரிக் குரலைத் தாழ்த்துவார்கள். தொடலாமா என்பார்கள். தூக்கலாமா என்பார்கள். கடைசியில் ஒருத்தர் விடாமல் குழலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். படித்தவர், படிக்காதவர், கோழி அறுக்கப் பயந்தவர், எல்லாரும் அப்படித்தான். பொய் சொல்லக் கூடாது, நானும் ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தேன். பிடரியில் மயிர் சிலிர்த்தது. எதிர்மலையைப் பார்த்தேன். இந்த மலையெல்லாம் என் பேச்சைக் கேட்கும் போல இருந்தது. பயந்து வைத்துவிட்டேன்.

முதலாளி பங்களா வாங்கின முதல் வருசம் ஆயுத பூசையில் துவக்கையும் வைத்தார். கடைத் தராசு, வேன் சாவி, என் குசினிக் கத்தி, தம்பியின் டோர்ச், எல்லாவற்றுக்கும் நடுவில் அது. மறுநாள் கூட்டாளிமாரைக் கூப்பிட்டு, முற்றத்திலிருந்து கீழே மண்மேட்டைப் பார்த்து ஒரு வெடி. பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுத்து முதல் வேலை பார்க்க வேண்டும் இல்லையா, அதுதான் கணக்கு. அந்தச் சத்தம் காதால் கேட்கிற சத்தம் இல்லை. வயிற்றுக்குள் கேட்டது. மேட்டு மண் தேயிலைச் செடி உயரத்துக்குக் கிளம்பியது. மலை திரும்பச் சத்தம் கொடுத்தது. கூட்டாளிமார் கைதட்டினார்கள்.

முதலாளி சிரித்துக்கொண்டே குசினிக்கு வந்தார். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டையை விலக்கிப் பார்த்தால் தோள் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். "அக்கா, வெளியில சொல்லிறாதீங்க" என்றார். அவருடைய சம்சாரம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது. அந்தம்மா பயந்த சுபாவம். நல்ல மனசு. "அடுத்த வருசம் இந்த வேலை வேணாங்க" என்றது. அவர் வலியோடு வலியாக முறைத்தார்.

அடுத்த வருசமும் வந்தது.

பூசையன்று சாயந்தரம் ஹோலில் மணைப்பலகை போட்டு, துவக்கைக் குழல் மேலே பார்க்கச் சுவரில் சாய்த்து, செவ்வந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தோம். எங்கள் வழக்கத்தில், பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது. தம்பி கூடத் தொடவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், கலியாண வீட்டில் பெண்ணைப் பார்க்கிற மாதிரி. "என்னடா, பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்குள் வெடிக்க வேண்டும், அதற்குப் பிறகு ராகு காலம். ஆனால் காலையில் பனி மூட்டம். நாவலப்பிட்டியிலிருந்து வரவேண்டிய லொறிக்காரக் கூட்டாளி மலை வளைவில் வழி தெரியாமல் நின்றுவிட்டார். இன்னொரு கூட்டாளி கலகெதர ஹாஜியார் மட்டும் வேளைக்கே தன் வேனில் வந்து, கதிரையில் உட்கார்ந்து என் வடையைத் தின்றுகொண்டு பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

"இதால மான சுட்டா இறைச்சி மிஞ்சாது தாத்தா, கொம்பு மட்டுந்தான் ஈக்கும்" என்றார் என்னிடம். அவர்கள் பழக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள்.

"கொம்பையாவது குடுங்க ஹாஜியார், கதவில மாட்டலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆட்கள் வந்து சேர்ந்தபோது நேரம் விளிம்புக்கு வந்துவிட்டது. முதலாளி மணிக்கூட்டைப் பார்க்கிறார், துவக்கைப் பார்க்கிறார். அவசரமாக மாலையைக் கழற்றினார், சந்தனத்தைக் கையாலேயே வழித்தார், மடித்துத் திறந்தார், வலது குழலில் தோட்டாவைப் போட்டார், மூடினார். முற்றத்துக்கு வந்தார். அங்கே வந்ததும் கொஞ்சம் நின்றார். தோளை ஒரு தரம் தடவினார். அதை நான் பார்த்தேன். போன வருசத்துத் தோளைத் தடவுகிறார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு சத்தமாகச் சொன்னார்: "இத்தன வருசமா இதத் துடைச்சவன் இவன். ஒரு நாள் வெடிக்க விட்டமா? இந்த வருசம் இவன் கையால!"

கூட்டாளிமார் கைதட்டினார்கள். தம்பி நம்பவில்லை. கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். முதலாளி துவக்கை நீட்டினார், வாங்கிக்கொண்டான். வாங்கினவன் மெதுவாகக் கேட்டான், எனக்குக் கேட்டது:

"ஐயா, குழல் பார்த்தீங்களா?"

"எல்லாம் பார்த்தாச்சுடா. நேரம் போகுது. வெடி!"

அவன் விரல் திறக்கிற இடத்துக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாளி பார்த்தாச்சு என்று சொன்ன பிறகு, அவர் கூட்டாளிமார் முன்னால், திறந்து பார்த்தால் அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஆகும். விரலை எடுத்துவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், நீ வெடிடா என்று. என் தம்பி! அந்த முற்றத்தில் அத்தனை முதலாளிமாருக்கு முன்னால்! பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்களை நான்தான் கூப்பிட்டு வேலியோரம் நிற்க வைத்திருந்தேன். காலை முன்னால் வைத்தான். உடம்பைச் சாய்த்தான். தோளில் ஏற்றினான். அந்தச் சின்ன உடம்புக்கு அது எப்படிப் பொருந்தியது தெரியுமா? அவனுக்கென்றே செய்த மாதிரி.

போன வருசத்துச் சத்தம் இல்லை இது. உலர்ந்த மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். மலை திரும்பச் சத்தம் கொடுக்கவே இல்லை. புகை. தம்பி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். யாரோ கதிரை போட்ட மாதிரி மெதுவாகத்தான் உட்கார்ந்தான். இடது கையைத் தூக்கிப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. சேலைத் தலைப்பைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். முகத்தின் ஒரு பக்கம் கரிப்பொட்டு. காதிலிருந்தும் இரத்தம். குழலின் ஓரம் வாழைப்பூ மடல் விரிந்த மாதிரி விரிந்திருந்தது. முதலாளி அசையாமல் நின்றார். நிமிர்ந்து பார்க்கிறேன், ஒவ்வொரு வாகனமாக ஸ்டார்ட் ஆகிறது. கைதட்டின கைகள் எல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பின. ஹாஜியார் மட்டும் வடைத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "வேன்ல ஏத்துங்க, வேன்ல ஏத்துங்க" என்று தம்பியைத் தன் வெள்ளைச் சட்டையோடு அணைத்துத் தூக்கினார். முதலாளியம்மா ஒரு துவாயைக் கொண்டு வந்து என் மடியில் போட்டது. என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே திரும்பிப் போனது.

வளைவு வளைவாக இறங்கினோம். தம்பி கண்ணை மூடிக் கிடந்தான். டவுனும் குளமும் கீழே தெரிகிற வளைவில்தான் கண்ணைத் திறந்தான்.

"அக்கா, துவக்கு உடைஞ்சிருச்சா?"

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சும்மா கிடடா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்தது எல்லாம் போய்விட்டது. அந்தப் பக்கத்துக் காதும் போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் அதோடு முடியவில்லை.

அன்றைக்குப் பகலே முதலாளி வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் செத்துப்போய் இருந்தது.

"அக்கா, லைசன்ஸ் என் பேர்ல. வேற ஆள் கையில குடுத்தேன்னு தெரிஞ்சா எனக்குப் பெரிய கேஸ். கடை, பேர், எல்லாம் போயிரும். அவனே எடுத்து வெடிச்சான்னு சொல்லிட்டா அவனுக்குச் சின்னக் கேஸ்தான். நான் லோயர் வச்சுப் பார்த்துக்கிறேன். சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் பங்களாவுலேயே இருங்க."

"மற்றவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அதிலேயே தெரிந்துவிட்டது. வந்திருந்த கூட்டாளிமார் எல்லோரும் அவர் சொன்னபடியே பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். பின்னால் கேள்விப்பட்டேன், அத்தனை அன்பாகத் தூக்கி வந்த ஹாஜியாரும், "நான் மறுபக்கம் பார்த்துக்கிட்டு ஈந்தேன்" என்றாராம். அவர் சட்டையில் என் தம்பியின் இரத்தம் காயக்கூட இல்லை.

நான் சொன்னேன்: "ஐயா, அவன் கையைக் குடுத்துட்டான். இப்ப பேரையும் குடுக்கச் சொல்றீங்க. இத்தன வருசம் அந்த அலுமாரியைத் திறந்து உங்க அனுமதி இல்லாம ஒரு நாள் அதைத் தொட்டிருப்பானா? அவனைத் திருடன் ஆக்கிட்டு நான் உங்க குசினியில சோறு ஆக்கணுமா?"

அவர் போய்விட்டார்.

பொலிஸ் வந்தபோது எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளிதான் கொடுத்தார், தம்பி குழல் பார்த்தீங்களா என்று கேட்டான், நான் காதால் கேட்டேன் என்று. அந்தப் பொலிஸ் மாத்தயா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார், பேனா மட்டும் அசையவில்லை. கூடப்பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று நினைத்திருப்பார். பிறகு தம்பியிடம் கேட்டார். இவனாவது உண்மையைச் சொல்வான் என்று நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஆசைப்பட்டது நான்தான்."

பேனா அசைந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கட்டிலைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா, குடுத்தது அவரு இல்லையா? சொல்லேன்டா!" என்றேன். அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் பாவம். ஆசைப்பட்டான்தான். ஆசைப்பட்டதுக்கும் திருடினதுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கட்டிலில் கிடந்தவனுக்கு விளங்கவில்லை. விளங்கினவர்கள் வாயைத் திறக்கவில்லை.

துவக்குக் குழல் ஏன் கிழிந்தது என்பதும் அவன் தலையில்தான் விழுந்தது. துடைக்கிறவன் அவன், துணியை உள்ளே மறந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கிழிந்த குழலுக்குள் கருகின துணித்துண்டு ஒன்று ஒட்டியிருந்ததாம். அவனா? ஆகாசம் பார்க்காமல் மூடாதவனா? நான் நம்பவில்லை. அடுத்த நாள் முழுக்க ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்த வாங்குப் பலகையில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அதற்கும் மறுநாள் காலையில் முதலாளியம்மா தனியாக ஆட்டோ பிடித்து வந்தது. தலை வாரவில்லை. வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது.

"அக்கா, அது உங்க தம்பி மறந்த துணி இல்ல. நான் போட்டது."

எனக்கு விளங்கவில்லை.

"போன வருசம் அவர் தோளைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்ல. பூசையன்னைக்கு எல்லாரும் போன பிறகு, மஞ்சள்ல நனைச்ச துணியில திருநீறும் மஞ்சள் துண்டும் வச்சு முடிச்சுக் கட்டி, என் புருசனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது தாயேன்னு கும்பிட்டு, வலது குழல்ல போட்டேன். வலதுதானே நல்லது. காலையில திறக்கிறப்ப கீழ விழும், எடுத்து அவர் சட்டைப் பையில வச்சிரலாம்னு நினைச்சேன். விழல. ஈரத் துணி ஒட்டிக்கிச்சு போல. நானும் வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். பெரியவங்க எல்லாரும் இருக்கிற இடத்துல எப்படிப் போய்ச் சொல்றதுன்னு..."

நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. அந்த முடிச்சு அதன் புருசனைக் காப்பாற்றிவிட்டது. அதைத்தான் என் மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. கும்பிட்டபடியே நடந்திருக்கிறது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இத யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்கம்மா" என்றேன்.

போகாது என்றுதான் நினைத்தேன். போனது. அங்கிருந்து நேராகப் பொலிசுக்குப் போய், முடிச்சுப் போட்டது நான், துவக்கைக் கொடுத்தது என் புருசன், அவன் குழல் பார்த்தீங்களா என்று கேட்டான் என்று மூன்றையும் சொன்னது. பயந்த சுபாவம் என்று எழுதினேன் இல்லையா. அதே பயத்தோடுதான் போயிருக்கும். அதற்கப்புறம் பேனா வேறு மாதிரி எழுதியது. கோட்டில் வழக்கு நடந்து முதலாளிக்குத் தண்டனைப் பணம், லைசன்ஸ் ரத்து. துவக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பி மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திருடன் என்ற பேர் அவன் மேல் ஒட்டாமல் போனது. எனக்கு அது போதும். அந்தம்மா அதற்குப் பிறகு புருசன் வீட்டில் என்ன பட்டது என்று எனக்குத் தெரியாது. அதை நான் மன்னித்தேனா என்று கேட்டால், அதுவும் தெரியாது. சில நாள் மன்னித்த மாதிரி இருக்கும். தம்பி ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடப் போராடுகிறதைப் பார்க்கிற நாளில் இருக்காது.

பங்களாவுக்கு நாங்கள் திரும்பவில்லை. வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. இப்போது கலகெதரப் பக்கம் ஒரு அறை எடுத்து இருக்கிறோம். நான் காலையில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறேன். தம்பி பஸ் நிற்கிற இடத்தில் சுவீப் டிக்கெட், அதிர்ஷ்டச் சீட்டு விற்கிறான். மிஞ்சின இரண்டு விரலாலும் டிக்கெட் கட்டை இடுக்கிப் பிடித்துக்கொள்வான், நல்ல கையால் கிழித்துக் கொடுப்பான். ஆயுத பூசை வந்தால் என் இடியப்ப உரலுக்கும் அவன் டிக்கெட் பலகைக்கும் பொட்டு வைக்கிறேன். பிறகு அவன் வலது கையைப் பிடித்து அதற்கும் ஒரு பொட்டு.

ஆனால் ஒன்று. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சில பேர் கையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், "என்ன நடந்தது அண்ணே?" என்று. நான் இடியப்பத் தட்டோடு அங்கே நின்றால் எனக்கும் கேட்கும். அவன் கையைப் பற்றிச் சொல்லமாட்டான். துவக்கைப் பற்றித்தான் சொல்வான். எவ்வளவு பாரம், குழல் எவ்வளவு அகலம், கட்டையில் என்ன கொடி, தோளில் வைத்தால் எப்படி இருக்கும். பேச்சுக் குறைந்தவன் அப்போது பேசுவான் பாருங்கள். முகம் விளக்கு ஏற்றின மாதிரி ஆகும். கேட்கிறவர்களும் பஸ் வந்ததைக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். மிஞ்சின இரண்டு விரலையும் வளைத்து, குழலின் வாய் எவ்வளவு பெரியது என்று காட்டுவான்.

நான் அதற்கு மேல் அங்கே நிற்கமாட்டேன், வேலை இருக்கிறது என்று வந்துவிடுவேன். அவன் பேச்சு பிடிக்காமல் இல்லை, அது என்னை அந்த முற்றத்துக்கே திரும்பக் கொண்டு போய்விடும். அன்றைக்கு அவன் திரும்பிப் பார்த்தபோது, வெடிடா என்று நான் தலையாட்டினபோது, அது அவன் தோளில் ஏறின நேரம், என் நெஞ்சு நிறைந்து பொங்கியதே, என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை. அந்த வெடிச் சத்தம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது, அந்தப் பெருமைதான் இன்றைக்கும் நினைத்தால் என்னைப் பயமுறுத்துகிறது.